முப்பது விநாடி விளையாட்டு



பத்து வயதுப் பிள்ளைகள் ஆடுகின்ற ஒரு விளையாட்டின் விதிகளை முதலில் கேளுங்கள். வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். அவனை எவரும் தொட்டுவிடக் கூடாது. வரிசையில் நிற்கும்போதோ, ஏடு வாங்கும்போதோ தப்பித் தவறிக் கை பட்டுவிட்டால், முப்பது விநாடிகளுக்குள் ஓடிச் சென்று சோப்பிட்டுக் கையைக் கழுவிவிட வேண்டும்; அல்லது கிருமிநாசினியைத் தடவிக்கொள்ள வேண்டும். தவறினால் அவனிடமுள்ள கொள்ளைநோய் தொட்டவனையும் பற்றிக்கொள்ளும். இவ்வளவுதான் விளையாட்டு. பந்து வேண்டியதில்லை, மட்டை வேண்டியதில்லை, மைதானமும் வேண்டியதில்லை. வகுப்பே சேர்ந்து ஆடலாம். எவனை வைத்து ஆடப்படுகிறதோ அவனுக்கு மட்டும் இப்படி ஒரு விளையாட்டு நடப்பதாக யாரும் சொல்வதில்லை.

தீண்டாமை என்னும் சொல்லுக்கு விளக்கம் கேட்க வேண்டிய நிலையில் நாம் எவரும் இல்லை. ஆகையால் இந்த விளையாட்டின் பொருள் உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். ஆனால் இது நம் ஊரில் நடந்ததன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் ஒரு தனியார் பள்ளியில் நிகழ்வதாக எழுதப்பட்ட 'ஒண்டர்' என்னும் சிறுவர் நாவலில் வருவது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த இந்நூலை எழுதியவர் ஆர்.ஜே. பலாசியோ. இது புனைபெயர், ரகேல் ஹராமியோ என்பது இயற்பெயர். பல்லாண்டுகள் பிறருடைய புத்தகங்களுக்கு அட்டை வடிவமைத்துவந்த இந்த அம்மையார் எழுதிய முதல் நாவல் இதுவே. 2017ஆம் ஆண்டில் இது திரைப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் உங்கள் இல்லத்திலேயே இருக்கக்கூடும். எனினும் நூலில் உள்ள பல நுட்பங்கள் படத்தில் இல்லை என்பதால், நூலைப் பற்றியே இங்கு பேச விழைகிறேன்.

இந்நாவல் பிறந்த கதையை நூலாசிரியையே பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். தம் இரு மகன்களுடன் அவர் ஐஸ்கிரீம் கடையொன்றின் வெளியே அமர்ந்திருந்தபோது, அருகில் முகம் பெரிதும் மாறுபட்டிருந்த ஒரு சிறுமி இருந்தாள். மூன்று வயதான இளைய மகன் அவளைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டான். அந்தச் சிறுமியின் மனம் புண்படக் கூடாதே என்ற பதற்றத்தில் தாயார் குழந்தையை வண்டியோடு தள்ளிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைந்தார். அச்சிறுமியின் தாயோ எந்தக் கலக்கமும் இல்லாத குரலில், நாம் கிளம்பலாம் என்று தம் பிள்ளைகளிடம் சொன்னது இவர் செவியில் விழுந்தது. அந்தக் குடும்பம் இப்படி எத்தனை முறை எழுந்து போயிருக்குமோ என்ற நினைப்பு அன்றிரவு அவரை உறங்கவிடவில்லை. எழுதத் தொடங்கிவிட்டார். இதே நிகழ்ச்சியைச் சிறிது மாற்றிக் கதைக்குள்ளும் வைத்திருக்கிறார். அங்கே அந்தக் குழந்தையின் அண்ணனாக வருபவன் ஜாக் என்னும் சிறுவன். இந்த ஜாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவனிடம் வர வேண்டியிருக்கிறது.

நாயகன் பெயர் ஆகஸ்ட் புல்மன், வீட்டார்க்கு ஆகி. பிறவியிலேயே முகத்தின் எலும்புகள் சரிவர உருவாகாத குறையோடு பிறந்தவன். பத்து வயதுக்குள் இருபத்தேழு அறுவை சிகிச்சைகளைக் கண்டவன். ட்ரீச்சர் காலின்ஸ் என்னும் கண் மருத்துவர் 1900ஆம் ஆண்டில் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கப்படும் மரபணுக் குறைபாடு இவனுக்கிருப்பதில் முக்கியமானது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படும். கன்ன எலும்பும் தாடையும் காதும் முழுமை பெறுவதில்லை. கேட்கும் திறன் குன்றலாம். அறிவு வளர்ச்சி பொதுவாகக் குறைவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதற்கு இதில் எதுவும் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் அந்த வகுப்புப் பிள்ளைகள் கை கழுவுகிறார்கள்.

ஆகி ஐந்தாம் வகுப்பு வரும் வரை வீட்டிலேயே தாயிடம் பயின்றான். ஐந்தாம் வகுப்பில் அவனைப் பள்ளியில் சேர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் தொடக்கப்பள்ளிக்கும் உயர்நிலைப்பள்ளிக்கும் இடைப்பட்ட நடுநிலைப் பள்ளி, சில இடங்களில் ஐந்தாம் வகுப்பிலும் சில இடங்களில் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி எட்டாம் வகுப்போடு முடியும். கதையில் வரும் பள்ளியில் அது ஐந்தாம் வகுப்பில் தொடங்குகிறது. மற்ற மாணவர்களுக்கும் அது ஒரு புதிய தொடக்கமாக இருக்கும், ஆகையால் இவன் மட்டும் புதியவனாகத் தெரிய மாட்டான் என்று பெற்றோர் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த வயதின் இயல்பு வேறு. பெற்றோரின் பாராட்டு போதும் என்றிருந்த குழந்தை, கூட்டாளிகளின் பார்வைக்கு அஞ்சத் தொடங்கும் பருவம் அது. எவனோடு சேர்ந்தால் மதிப்பு, எவனோடு சேர்ந்தால் இழிவு என்ற கணக்கு அப்போதுதான் அவர்கள் நெஞ்சில் ஏறுகிறது. அந்தக் கணக்கில் ஆகியின் அருகே அமர்வது பெரும் நட்டம்.

ஜூலியன் என்பவன் இக்கதையின் துஷ்டன். பெரியவர்கள் முன் பணிவாகப் பேசுவான். அவர்கள் முதுகைத் திருப்பியதும் நஞ்சு கக்குவான். இத்தகைய பிள்ளையை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம் என்பதால் அவனைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்நூலை மற்ற சிறுவர் கதைகளிலிருந்து நான் தனியே எடுத்து வைப்பதற்குக் காரணம் வேறு. ஒரு ஜூலியனால் தனியாக எதையும் செய்துவிட முடியவில்லை. முப்பது விநாடி விளையாட்டை அவன் ஒருவனே ஆடினால் அது பைத்தியக்காரத்தனம். வகுப்பே ஆடும்போதுதான் அது சட்டமாகிறது. அப்படி ஆடியவர்களில் பெரும்பாலோர் கெட்ட பிள்ளைகள் அல்லர். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்களே.

இப்போது ஜாக்கிடம் வருவோம். இவன் மெய்யாகவே நல்ல பிள்ளை. பெரும் செல்வர்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் எளிய குடும்பத்துப் பையன். புதிய மாணவனுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும்படி தலைமையாசிரியர் கேட்டபோது முதலில் தயங்கினான்; தாய் வற்புறுத்தியதால் சென்றான். பழகப் பழக ஆகியின் குறும்புப் பேச்சும் கூரிய அறிவும் அவனைக் கவர்ந்தன. கடமைக்காகத் தொடங்கியது உண்மை நட்பாகவே ஆகிவிட்டது.

அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்னும் திருநாள் வரும். அன்று பிள்ளைகள் முகமூடி அணிந்து வேடம் புனைவார்கள். ஆண்டு முழுவதும் முகத்தை மறைக்க விரும்பும் ஆகிக்கு அதுவே மிகப் பிடித்த நாள். அன்று எல்லாரும் அவனைப் போலவே ஆகிவிடுகிறார்கள் அல்லவா! தான் சொல்லியிருந்த வேடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டு வேறொரு முகமூடியுடன் அவன் வகுப்பறைக்குள் நுழைகிறான். அங்கே ஜூலியனும் கூட்டாளிகளும் இவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு குரல், அந்த முகம் தனக்கு வாய்த்திருந்தால் உயிரையே மாய்த்துக்கொண்டிருப்பேன் என்ற பொருள்படச் சொல்கிறது. அது ஜாக்கின் குரல்.

ஆகி எதுவும் பேசாமல் வெளியேறுகிறான். இனி இந்தப் பள்ளிக்கே வருவதில்லை என்று முடிவு செய்கிறான். அக்காவின் வற்புறுத்தலால் மீண்டும் வந்தபின்னும் ஜாக்கோடு பேசுவதில்லை. ஜாக்குக்கோ காரணமே விளங்கவில்லை. வெகு நாள் கழித்து, வேறொரு பிள்ளை தந்த ஒற்றைக் குறிப்பைக் கொண்டு, அன்றைய முகமூடிக்குள் இருந்தது யார் என்று அவனுக்குப் புரிகின்ற இடத்தை இந்நூலின் மிகக் கடினமான பக்கம் என்பேன். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான்; விடை கிடைக்கவில்லை. அவனுக்கு ஆகியிடம் வெறுப்பு இல்லை. ஜூலியனிடம் தனிப்பட்ட அன்பும் இல்லை. எல்லாரும் ஒரு திசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனும் அத்திசையில் ஓர் அடி கூடுதலாகப் போனான்.

இதைப் படித்தவுடன் 1951ஆம் ஆண்டில் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் அமெரிக்காவில் நடத்திய சோதனை நினைவுக்கு வருகிறது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மற்ற மூன்றில் எது என்று கேட்டார். சிறு குழந்தையும் சொல்லிவிடக்கூடிய விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர் எல்லாரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையையே கூறினார்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை, கண்ணெதிரே தெரிந்த உண்மையை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். நால்வரில் மூவர் ஒரு முறையேனும் அவ்வாறு வழுவினார்கள். இவர்கள் கல்லூரி மாணவர்கள். கேட்கப்பட்டது வெறும் கோட்டின் நீளம். பத்து வயதுப் பையனிடம், இவன் உன் நண்பனா என்று ஒரு கூட்டமே கேட்கும்போது அவன் கால் நடுங்குவதில் வியப்பென்ன? அதே சோதனையில் ஆஷ் இன்னொன்றையும் கண்டார். அறையில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்துக்கு இணங்குவது மிகப் பெரிதும் குறைந்துவிட்டது.

கதையில் அந்த ஒருத்தி சம்மர் என்னும் சிறுமி. முதல் நாள் உணவுக்கூடத்தில் ஆகி தனியே அமர்ந்து உண்கிறான். வாய் அமைப்பினால் அவன் உண்ணும் முறையும் பார்ப்பதற்கு ஒரு மாதிரியாக இருக்கும். அது அவனுக்கே தெரியும். மற்ற மேசைகளில் கண்ணடிப்பும் சிரிப்பும் நடக்கின்றன. சம்மர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே அமர்கிறாள். அவ்வளவுதான். எவரும் ஏவவில்லை. பின்னர் ஹாலோவீன் விருந்தொன்றில், அவனை விட்டுவிட்டால் நீ எங்கள் கூட்டத்தில் பெரிய ஆளாகலாம் என்று தோழிகள் ஆசை காட்டுகிறார்கள். வாதாடவோ அறிவுரை கூறவோ அவளுக்குத் தெரியவில்லை. குளியலறைக்குள் சென்று தாய்க்குத் தொலைபேசியில் சொல்லி, வந்து அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறாள். வீரம் என்றால் மேடைப் பேச்சு என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள். எதிர்த்துப் பேசும் துணிவு வராத பிள்ளைக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிடும் வழி ஒன்று உண்டு. ஆனால் அழைத்ததும், ஏன் எதற்கு என்று கேளாமல் வந்து நிற்கின்ற ஓர் உம்மாவோ வாப்பாவோ அதற்கு இருந்தாக வேண்டும்.

சம்மருக்கும் ஜூலியனுக்கும் நடுவே சார்லட் என்று ஒருத்தி வருகிறாள். மரியாதை தெரிந்தவள், நன்றாகப் படிப்பவள், ஆகியை எதிரே கண்டால் வணக்கம் சொல்லத் தவறாதவள். எவரையும் புண்படுத்தியதில்லை; எவர் பக்கமும் நின்றதுமில்லை. நம்மில் பலர் எம் பிள்ளை எந்த வம்புக்கும் போகாது என்று பெருமையோடு சொல்வோமே, அப்படிப்பட்ட பிள்ளை. ஆகியை ஜூலியன் இழிவாகப் பேசியதற்காக ஜாக் அவன் வாயில் ஒரு குத்து விட, விடுமுறை முடிந்து வந்தபோது வகுப்புப் பையன்களில் பெரும்பாலோர் ஜாக்கோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சொல்ல முன்வந்தவள் சார்லட்தான். ஆனால் ஆளில்லாத அறைக்கு வரச்சொல்லி, யார் யார் எந்தக் கட்சி என்று பட்டியலிட்டுச் சொல்லிவிட்டு, நான் சொன்னதாக யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறாள். உண்மையைச் சொல்லும் மனம் இருக்கிறது. சொல்வதைப் பிறர் காணும் துணிவு இல்லை. ஜூலியனைக் காட்டிலும் இவள்தான் வாசிக்கும் பிள்ளையை நெளிய வைப்பாள்.

கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளிகளில் சிறுவர்களை மறைவாகப் படம்பிடித்து ஆய்ந்த அறிஞர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளையை மற்றவர் கொடுமைப்படுத்திய நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு எண்பத்தெட்டில் வேறு பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். தலையிட்டது பத்தொன்பதில் மட்டுமே. அவ்வாறு தலையிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், துல்லியமாகச் சொன்னால் நூற்றுக்கு 57 தடவை, பத்தே விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. கை கழுவ முப்பது விநாடி. தடுக்கப் பத்து விநாடி!

இனி, பெற்றோராகிய நமக்கு இந்நூலில் உள்ள பகுதிக்கு வருகிறேன். ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்புப் படத்தை ஜூலியனின் தாய் கணினியில் திருத்துகிறாள். ஆகியின் உருவத்தை அதிலிருந்து நீக்கிவிட்டு, மகன் படிக்கும் வகுப்பின் அழகான படம் என்று வைத்துக்கொள்கிறாள். வேறு சில தாய்மார்களுக்கும் பிரதி தருகிறாள். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறாள். நம் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள், இத்தனை பெரிய சுமையை அவர்கள் மீது ஏற்றலாமா, இது அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளி அன்றே என்றெல்லாம் மிக நாகரிகமான சொற்களில் கேட்கிறாள். விருந்துக்கு வந்த பெற்றோரிடம் ஜாக்கைப் பற்றி இரக்கத்தோடு பேசி, அவனுக்கு மனநிலை சரியில்லை என்ற எண்ணத்தைப் பரப்புகிறாள். ஓர் இடத்திலும் அவள் குரலை உயர்த்துவதில்லை. தன் மகனைக் காக்கிறோம் என்றே நம்புகிறாள். மகன் வகுப்பில் செய்ததற்கும் தாய் கணினியில் செய்ததற்கும் என்ன வேறுபாடு என்று நூலாசிரியை ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. தலைமையாசிரியர் டுஷ்மன் எழுதும் மறுமொழி சுருக்கமானது, உறுதியானது: அந்த மாணவன் தகுதியின் பேரில் சேர்க்கப்பட்டவன். ஒரு பள்ளித் தலைவர் பணக்காரப் பெற்றோரிடம் இவ்வாறு பேசுவது கதையில்தான் நடக்கும் என்று சிலர் முணுமுணுக்கலாம். நானும் சற்று முணுமுணுத்தேன்.

ஆகியின் அக்காள் வையாவின் பகுதி, கொடுமை செய்வோரை விட்டுவிட்டு அன்பு உடையோரிடத்தும் இந்த அச்சம் குடிகொண்டிருப்பதைக் காட்டுகிறது. தம்பிக்காகத் தெருவில் சண்டையிட்டவள்தான். புதிய உயர்நிலைப்பள்ளிக்குச் சென்றதும் அங்கே எவருக்கும் தம்பியைத் தெரியாது என்பது அவளுக்கு இதமாக இருக்கிறது. தான் பங்குபெறும் நாடகத்தைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை; சொன்னால் தம்பியும் வருவான் அல்லவா! அந்த எண்ணத்துக்காகத் தன்னையே வெறுக்கவும் செய்கிறாள். உடற்குறையுள்ள பிள்ளை இருக்கும் இல்லங்களில் மற்றப் பிள்ளைகளின் மனத்தை யாரும் கேட்பதில்லை. இப்பகுதியைப் படித்த பின் கேட்கத் தோன்றும்.

நூலின் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்டு விழாவில் ஆகிக்குப் பதக்கம் வழங்கப்படுகிறது; அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. ஒரு சிறுவன் பள்ளிக்கு வந்து மற்றவர்களின் இழிசெயல்களைப் பொறுத்துக்கொண்டதற்குப் பதக்கமா? முகவேறுபாட்டோடு வாழ்பவர்களில் சிலரும் இதே குறையைக் கூறியிருக்கிறார்கள். மற்றவர்கள் நல்லவர்களாவதற்கு ஒரு கருவியாக எங்களைக் காட்டுவது ஏன் என்பது அவர்கள் கேள்வி. திரைப்படத்தில் அத்தகைய முகம் உடைய ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுக்காமல், வேறொரு சிறுவனுக்கு ஒப்பனையால் முகத்தை மாற்றி நடிக்க வைத்ததையும் அவர்கள் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம். பிள்ளையோடு சேர்ந்து படிப்பவர்கள், இந்த முடிவு சரிதானா என்று அதனிடமே கேட்டுப் பார்க்கலாம். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதில் கண்டிப்பானவர்கள்.

படிக்கும் முறை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் எளிமையானது, அத்தியாயங்கள் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களே. நூல் எட்டுப் பகுதிகளாக அமைந்து, ஆறு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே படித்துவிடும். ஆனால் நான்காவது பகுதியான ஜாக்கின் பகுதியை மட்டும் நீங்கள் அருகிருந்து படியுங்கள். உன்னை யாரேனும் கேலி செய்கிறார்களா என்று நாம் பிள்ளைகளை அடிக்கடி கேட்கிறோம். உங்கள் வகுப்பில் யார் தனியாக உட்கார்ந்து உண்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வரும் விடை வேறு விதமாக இருக்கும்.

அந்த ஆறு பேரில் ஜூலியன் இல்லை. அவன் மனத்துக்குள் நுழைய நூலாசிரியை அப்போது விரும்பவில்லை போலும். வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2014ஆம் ஆண்டில் அவன் கதையைத் தனியே எழுதினார். பின்பு சார்லட் கதையோடும் மற்றொரு கதையோடும் சேர்ந்து 2015இல் 'ஆகி அண்ட் மீ' என்ற நூலாக அது வந்தது. சிறு வயது முதல் இரவில் கொடுங்கனவு கண்டு அலறி எழுகின்ற பிள்ளை ஜூலியன் என்பது அதில்தான் தெரிகிறது. ஆகியின் முகம் அவனுக்கு உண்மையிலேயே அச்சமூட்டியது. அச்சத்தை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக் கேலியாக மாற்றிக்கொண்டான். மன்னித்துவிடக்கூடிய காரணமா என்றால், இல்லை. விளங்கிக்கொள்ளக்கூடிய காரணம்.

அவனைத் திருத்துவது பள்ளியும் அன்று, தாயும் அன்று. ஃபிரான்ஸ் நாட்டில் வாழும் பாட்டி. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது சிறுமியாக இருந்தார். அவரோடு பள்ளியில் படித்த ஒரு பையனுக்கு இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் வளைந்திருந்தன. ஊன்றுகோலோடு அவன் நடந்த நடையைப் பார்த்துப் பிள்ளைகள் அவனை 'டூர்டோ' என்று அழைத்தார்கள். ஃபிரெஞ்சு மொழியில் நண்டு என்று பொருள். இவரும் அவனோடு பேசியதில்லை. யூதர்களைப் பிடித்துச் செல்ல ஜெர்மானியப் படையினர் வந்த நாளில், இவரை மறைத்து அழைத்துச் சென்று காப்பாற்றியவன் அந்தப் பையன். அவன் வீட்டார் அவருக்கு அடைக்கலம் தந்தார்கள். அவனோ பின்னர் ஜெர்மானியர் கையில் உயிரிழந்தான்.

உயிரைக் காப்பாற்றிய அன்றுதான், அவனுடைய உண்மைப் பெயர் தனக்குத் தெரியாது என்பது அச்சிறுமிக்கு உறைத்தது. கேட்டாள். ஜூலியன் என்றான். அந்தப் பெயரைத்தான் பாட்டி தம் மகனுக்கு வைத்தார், பேரனுக்கும் வைக்கப்பட்டது.